மணல் மைதானங்களையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆஸ்திரேலிய கோல்ஃப் மைதானங்கள் பற்றிய கட்டுரையில் மெல்பர்னின் பெரிய கிளப்புகளே இருந்தன. பெர்த்தில் லாரி ஓட்டும் நான் கோதுமை விளையும் சிற்றூர்களில்தான் ஆடக் கற்றேன். அங்கே புல்லுக்குத் தண்ணீர் ஏது? குழியைச் சுற்றி எண்ணெய் கலந்த மணல்தான். பந்து உருளும் தடத்தை இரும்புப் பட்டையால் இழுத்துச் சமப்படுத்திவிட்டு அடிக்க வேண்டும். கிளம்பும்போது அடுத்தவருக்காக மறுபடி இழுத்துவிட வேண்டும். கட்டணத்தைத் தகரப் பெட்டியில் போட்டுவிட்டு ஆடலாம், கேட்க ஆளில்லை. அந்த நம்பிக்கை எனக்குப் பெரிது.

2009இல் திறந்த நல்லார்பார் லிங்க்ஸ் என்ற கோல்ஃப் மைதானத்தையாவது சேர்த்திருக்கலாம். மேற்கு ஆஸ்திரேலியாவின் கால்கூர்லி முதல் தெற்கு ஆஸ்திரேலியாவின் செடூனா வரை 1,365 கி.மீ. நெடுஞ்சாலை நெடுகப் பரவிய 18 ஆட்டக் குழிகள். மகளோடு ஐந்து நாளில் ஆடி முடித்தேன். ஓரிடத்தில் காகம் பந்தைக் கவ்விக்கொண்டு பறந்தது; அவள் செம்மண்ணில் பின்னாலேயே ஓடினாள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், பெர்த்