வட கொரியா வேடிக்கைச் செய்தி அல்ல: தமிழ்ச் செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். வட கொரியா பற்றி நம் நாளிதழ்களிலும் சேனல்களிலும் வருவதைப் பல வருடமாகக் கவனித்து வரும் வாசகன் நான். அணுகுண்டுச் சோதனை நடந்தால் ஒரு செய்தி, மற்ற நாட்களில் விசித்திரக் கதைகள். இந்தக் கதைகளைப் பற்றித்தான் இந்த மடல்.

2013 டிசம்பரில் கிம் ஜாங் உன் தன் அத்தையின் கணவர் ஜாங் சாங் தேக்கைக் கொன்றார். இது உண்மை. மரண தண்டனையை நிறைவேற்றிவிட்டதாக அந்நாட்டு அரசுச் செய்தி நிறுவனமே அறிவித்தது. கூட்டத்தின் நடுவே அவரைக் காவலர்கள் பிடித்து இழுத்துப்போகும் படத்தையும் அரசுத் தொலைக்காட்சி காட்டியது. ஆனால் உலகம் முழுக்கச் சுற்றியது வேறு கதை: அவரைப் பசித்த 120 நாய்களுக்கு இரையாக்கினார்களாம். சீனச் சமூக ஊடகத்தில் ஒருவர் நையாண்டியாக எழுதியதை ஹாங்காங் நாளிதழ் ஒன்று செய்தியாக்கியது. அங்கிருந்து சிங்கப்பூர், அப்புறம் எல்லா ஊரும். நையாண்டி என்று தெரிந்த பிறகும் அந்தக் கதை ஓயவில்லை.

அதே 2013-இல் ஹியோன் சாங் வோல் என்ற பாடகியைச் சுட்டுக் கொன்றுவிட்டதாகத் தென் கொரிய நாளிதழ் ஒன்று எழுதியது. மறு வருடமே அவர் அரசுத் தொலைக்காட்சியில் தோன்றினார். 2018-இல் குளிர்கால ஒலிம்பிக்குக்கு முன்னால் கலைக்குழு ஏற்பாடுகளைப் பார்க்கத் தென் கொரியாவுக்கே வந்தார். 2020 ஏப்ரலில் கிம்மே இறந்துவிட்டதாகப் பரபரத்தார்கள். மே மாதத் தொடக்கத்தில் அவர் உர ஆலை ஒன்றைத் திறந்துவைக்கும் படம் வந்தது.

‘போனால் போகிறது, அப்படிப்பட்ட ஆட்சிதானே’ என்று தோன்றலாம். ஆனால் இதில் லாபம் அந்த ஆட்சிக்குத்தான். வட கொரியச் சிறை முகாமிலிருந்து தப்பி வந்து உலகப் புகழ் பெற்ற ஷின் டாங் ஹியோக், தன் கதையின் சில பகுதிகள் சரியல்ல என்று 2015 ஜனவரியில் ஒப்புக்கொண்டார். உடனே வட கொரிய அரசு என்ன சொன்னது தெரியுமா? வட கொரியாவின் மனித உரிமை மீறல்களை விசாரித்த ஐ.நா. ஆணையத்தின் அறிக்கை முழுவதுமே பொய் என்றது. அந்த ஆணையத்தின் முன் வெளிப்படையாகச் சாட்சி சொன்ன எண்பதுக்கும் மேற்பட்டோரில் ஷின் ஒருவர், அவ்வளவுதான்.

ஆஸ்திரேலியாவின் முன்னாள் நீதிபதி மைக்கேல் கிர்பி தலைமையிலான அந்த ஆணையத்தின் அறிக்கை 2014 பிப்ரவரியில் வெளியானது. அரசியல் கைதிகளின் முகாம்களில் 80,000 முதல் 1,20,000 பேர் வரை இருப்பதாக அது மதிப்பிட்டது. நடப்பவை மானுடத்துக்கு எதிரான குற்றங்கள் என்று தெளிவாக எழுதியது. முன்னாள் சிறைக்கைதி ஒருவர் தந்த கோட்டோவியங்களும் அதில் இருக்கின்றன. ஒன்றில், கைகளைப் பின்னால் கட்டிச் சுவரோடு பிணைத்திருக்கிறார்கள். அந்த மனிதரால் நிமிர்ந்து நிற்கவும் முடியாது, உட்காரவும் முடியாது. நெஞ்சு மட்டும் முன்னால் துருத்திக்கொண்டு நிற்கிறது. இதை எந்தத் தமிழ் நாளிதழிலும் நான் பார்த்ததில்லை. நாய்க் கதையைப் பல இடங்களில் படித்திருக்கிறேன்.

உள்ளே போக முடியாத நாட்டில் எப்படிச் சரிபார்ப்பது என்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் சிலர் அதைச் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். சீன எல்லையை ஒட்டிய வட கொரிய ஊர்களில் இருப்பவர்கள், கடத்தி வந்த சீனக் கைப்பேசியோடு மலைப்பக்கம் ஏறி, அலைவரிசையைக் கண்டுபிடிக்கும் கருவிக்குச் சிக்குவதற்குள் சில நிமிடம் பேசி வைத்துவிடுகிறார்கள். அன்றைய அரிசி விலை, யாரைப் பிடித்துப் போனார்கள் என்பது மாதிரி தகவல்கள். மாட்டினால் உயிருக்கே ஆபத்து. சியோலிலும் ஜப்பானிலும் இருக்கும் செய்தியாளர்கள் இந்தத் தகவலை வேறொரு ஆளிடம் ஒப்பிட்டுப் பார்த்தே வெளியிடுகிறார்கள்.

அதனால் கேட்கிறேன். பெயர் சொல்லாத உளவு வட்டாரம் மட்டுமே ஆதாரம் என்றால் அதைத் தலைப்பிலேயே சொல்லுங்கள். கொல்லப்பட்டதாக எழுதியவர் உயிரோடு வந்தால், முதல் செய்தி வந்த அதே இடத்தில் திருத்தம் போடுங்கள். 2020 டிசம்பரில் வந்த சட்டப்படி, தென் கொரிய நாடகங்களைப் பரப்புகிறவர்களுக்கு மரண தண்டனை வரை கொடுக்கலாம். கொரிய நாடகங்களுக்கு இங்கே எத்தனை ரசிகர்கள் என்று உங்களுக்கே தெரியும். அவர்களுக்காகவாவது இதை எழுதலாமே.

அப்புறம், கிர்பி அறிக்கையிலிருந்து நாலைந்து சாட்சியங்களைத் தமிழில் கொடுங்கள். ஐ.நா. தளத்தில் யாரும் இலவசமாகப் படிக்கலாம். ஞாயிறு இணைப்பில் ஒரு பக்கம் ஒதுக்கினால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்