பட்டா கையில், வீடு பாதியில்: புறநகர்க் குடும்பங்களுக்காக ஒரு வேண்டுகோள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னையைச் சுற்றியுள்ள பெல்ட் ஏரியா எனப்படும் வளையப் பகுதியில் பட்டா வழங்க 1962 முதல் இருந்துவந்த தடையால், ஆட்சேபனையற்ற புறம்போக்கு நிலங்களில் (நீர்நிலை போன்ற பொதுப் பயன்பாட்டில் இல்லாத அரசு நிலங்களில்) தலைமுறைகளாகக் குடியிருந்தும் பட்டா பெற முடியாமல் தவித்த குடும்பங்களுக்கு, 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு அமைச்சரவை எடுத்த முடிவு ஒரு வழியைத் திறந்தது. சென்னையையும் பிற நகரங்களையும் சேர்த்து 86,000 பேர் இதனால் பயனடைவர் என்று அப்போது அறிவிக்கப்பட்டது. குடியிருக்கும் மண் தன் பெயருக்கு வருவது எவ்வளவு பெரிய நிம்மதி என்பதைப் புறநகரில் வாழும் எவரும் அறிவர். ஆயினும் பட்டா கைக்கு வந்த பிறகு, அந்த மனையில் ஒரு வீடு எழுவதற்குள் ஓர் ஏழைக் குடும்பம் படும் பாட்டைப் பற்றி நாம் போதிய அளவு பேசவில்லை. கட்டுமானத் துறையில் நீண்ட காலம் மேற்பார்வையாளராகப் பணியாற்றி ஓய்வுபெற்று, இப்போது விடுமுறை நாள்களில் நண்பர்களுடன் சேர்ந்து இத்தகைய வீடுகளின் பணியில் கைகொடுத்து வருபவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

பட்டாபிராம், திருநின்றவூர், மீஞ்சூர், குன்றத்தூர் பக்கங்களில் உட்தெருக்களில் நடந்து சென்றால் பாதியில் நிற்கும் வீடுகளைப் பார்க்காமல் திரும்ப முடியாது. வீட்டைத் தாங்கும் மேடையான பேஸ்மட்டம் எழும்பியிருக்கும், சில வீடுகளில் சுவர், கதவு சன்னலுக்கு மேல் வரும் லிண்டல் வரை வந்திருக்கும், பக்கத்திலேயே ஒரு தகரக் கொட்டகையில் குடும்பம் குடியிருக்கும். இவர்களில் பலர் அரசு உதவி கிடைக்காதவர்கள் அல்லர், கிடைத்தவர்கள். 2015இல் தொடங்கிய பிரதமரின் நகர்ப்புற வீட்டு வசதித் திட்டத்தில், சொந்த மனையில் பயனாளி தானே வீடு கட்டிக்கொள்ளும் பிரிவின் கீழ், மத்திய அரசின் 1.50 லட்சம் ரூபாயும் தமிழ்நாடு அரசின் 60,000 ரூபாயுமாக 2.10 லட்சம் ரூபாய் மானியம் வழங்கப்பட்டது. இந்தத் தொகை பேஸ்மட்டம், லிண்டல், கூரை, பணி நிறைவு என்ற கட்டங்களில், அந்தந்தக் கட்டம் முடிந்ததை அதிகாரிகள் பார்த்து உறுதி செய்த பிறகே வந்து சேரும். அரசுப் பணம் வீணாகக் கூடாது என்பதற்காக வகுத்த முறை அது. அதன் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் முதல் கட்டத்தை முடிக்க முதல் தவணைக்கு முன்பே பணம் வேண்டும். கையிருப்பு இல்லாதவர்களுக்கென்றே வகுத்த திட்டம், முதல் படியிலேயே கையிருப்பைக் கேட்கிறது. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

நான் அறிந்த ஒரு குடும்பத்தில் கணவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். மனைவி அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஆடை தைக்கும் நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறார். தாலிக்கொடியை அடகு வைத்து, வானம் எனப்படும் அடித்தளக் குழி தோண்டி, கருங்கல் போட்டு, பேஸ்மட்டம் வரை கொண்டுவந்துவிட்டார்கள். முதல் தவணை வந்து சேர்வதற்குள் ஜல்லி, எம்-சாண்ட் விலையும் கம்பி விலையும் ஏறிவிட்டன. அடுத்து மகளிர் குழுக் கடன் வாங்கினார்கள். அதன் வாரத் தவணையைக் கட்ட இன்னொரு குழுவில் கடன் வாங்கினார்கள். அந்தப் பெண்மணி ஒரு பழைய தையல் அளவு நோட்டில், மார்பளவும் கை நீளமும் எழுதியிருந்த பக்கங்களுக்குப் பின்னால், எந்தக் கிழமை எந்தக் குழுவுக்கு எவ்வளவு என்று கட்டம் போட்டு எழுதி வைத்திருந்தார். தூண்களுக்காக நிறுத்திய கம்பிகள் மழையில் துருப்பிடிக்காமல் இருக்க, காலி சிமென்ட் சாக்குகளைச் சுற்றிக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். வீடு கட்டத் தொடங்கியதாலேயே அந்தக் குடும்பம் முன்பைவிட ஏழையாகியிருந்தது. கந்துவட்டியையும் மீட்டர் வட்டியையும் தடுக்க 2003 முதல் சட்டம் இருக்கிறது. ஆனாலும் கூரை போடும் நாள் நெருங்கி, கூரைக் கான்கிரீட்டைத் தாங்கும் சென்ட்ரிங் பலகைக்கு நாள் வாடகை ஏறிக்கொண்டிருக்கும்போது, எந்தக் கதவைத் தட்டுவது என்று யோசிக்க அவர்களுக்கு அவகாசம் இருப்பதில்லை.

இந்த இடைவெளியை அடைப்பதற்கான வழி ஒன்று ஏற்கெனவே உலகின் பல நாடுகளில் செயல்பட்டு வருகிறது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் மில்லார்டு ஃபுல்லர், லிண்டா ஃபுல்லர் தம்பதியர் 1976இல் தொடங்கிய ஹாபிடட் ஃபார் ஹியூமானிட்டி என்ற அமைப்பு, இந்தியாவில் 1983இல், இன்றைய தெலங்கானாவிலுள்ள கம்மத்தில் தன் பணியைத் தொடங்கியது. அமெரிக்க முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர் 2006இல் மகாராஷ்டிரத்தின் லோனாவாலாவுக்கு அருகிலுள்ள மாளவ்லிக்கு வந்து, தன்னார்வலர்களோடு சேர்ந்து வீடு கட்டியதை வாசகர்கள் சிலர் நினைவில் வைத்திருக்கக்கூடும். அவர் கையில் சுத்தியலோடு நிற்கும் படம் உலகெங்கும் பரவியது. என்னைக் கவர்ந்தது அந்த அமைப்பு தொடங்கியபோது வகுத்துக்கொண்ட கணக்கு முறை. வீடு இனாமாகத் தரப்படுவதில்லை. குடும்பம் தன் உழைப்பைப் பங்காகச் செலுத்தும். கட்டிய செலவை லாபமும் வட்டியும் இல்லாமல் சிறு தவணைகளாகத் திருப்பிக் கட்டும். அந்தத் தவணைப் பணம் சுழல்நிதியாக அடுத்த குடும்பத்தின் வீட்டுக்கு முதலாகும். உதவி பெறும் குடும்பம் கைநீட்டி நிற்க வேண்டிய நிலை இதில் இல்லை, அது தன் வீட்டுக்குத் தானே விலை கொடுக்கிறது.

தன்னார்வலர்களின் உழைப்பால் எவ்வளவு மிச்சமாகும் என்பதை மிகைப்படுத்தாமல் சொல்ல வேண்டும். ஒரு சிறு வீட்டின் செலவில் கூலி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. அதில் கொத்தனார், கம்பி கட்டுபவர், சென்ட்ரிங் ஆட்கள், எலக்ட்ரீஷியன், பிளம்பர் ஆகியோரின் வேலையைப் பழக்கமில்லாதவர்கள் தொடக்கூடாது. தொட்டால், சுவரின் நேரைப் பார்க்கும் தூக்குக்குண்டு காட்டிக்கொடுத்துவிடும். எஞ்சியது பெரியாளும் சித்தாளும் செய்யும் வேலை: வானம் தோண்டுவது, செங்கல் சுமப்பது, பேஸ்மட்டத்துக்குள் கிராவல் நிரப்பித் தண்ணீர் விட்டுத் திமிசுக்கட்டையால் இடித்து இறுக்குவது, மணல் சலிப்பது, சுண்ணாம்பு அடிப்பது போன்றவை. இவற்றைத் தன்னார்வலர்கள் முழுவதும் ஏற்றுக்கொண்டாலும் மொத்தச் செலவில் ஒரு சிறு பகுதிதான் குறையும். ஆகவே கைவேலையால் மட்டும் வீடு மலிந்துவிடும் என்று நான் வாதிடவில்லை. தன்னார்வலர்கள் தொடர்ந்து வரும் வீட்டில் வேலை நின்றுபோவதில்லை, பொருள்கள் களவு போவதில்லை, சிமென்ட் கணக்கில் எவரும் ஏமாற்றுவதில்லை, அலுவலகத்தில் கோப்பு எங்கே நிற்கிறது என்று கேட்க ஒருவர் உடன் வருகிறார். படிப்பறிவு குறைந்த ஒரு குடும்பத்துக்குக் கூலி மிச்சத்தைவிட இந்தத் துணை பல மடங்கு மதிப்புடையது.

கூரை போடும் நாளை ஓர் எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். கிராமப்புறங்களுக்கான கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீட்டின் பரப்பு 360 சதுர அடி; அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை அமைய வேண்டும். நான்கரை முதல் ஐந்து அங்குலக் கனம் என்று வைத்துக்கொண்டால் அந்தக் கூரையின் எடை ஏறத்தாழ 8 டன். மிக்சரிலிருந்து மேல்தளம் வரை ஏணியில் ஆட்கள் வரிசையாக நின்று, அந்த எடை முழுவதையும் இரும்புச் சட்டியில் கைமாற்றி ஏற்றுகிறார்கள். இடையில் நிறுத்தினால் போட்ட கான்கிரீட்டும் போடப்போகும் கான்கிரீட்டும் ஒட்டாமல், பின்னாளில் அந்த இடத்தில் ஒழுகும். அதனால் தொடங்கியதை அன்றே முடித்தாக வேண்டும். கல்லூரி மாணவர்கள் பலர் ஒரே நாளில் கூடி உதவக்கூடிய வேலை இதைப்போல் வேறில்லை. ஆனால் மறுநாள் முதல் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்கிக் காலையும் மாலையும் கவனிக்க வேண்டிய பொறுப்பு இருக்கிறது. சாதாரண சிமென்டுக்குக் குறைந்தது 7 நாள்களும் சாம்பல் கலந்த சிமென்டுக்குக் குறைந்தது 10 நாள்களும் ஈரம் காயக்கூடாது என்பது விதி. ஞாயிறுதோறும் வரும் தன்னார்வலரால் இது ஆகாது. அந்த வீட்டில் குடியேறப்போகும் குடும்பத்தால்தான் ஆகும். கூரையின் ஆயுளில் பாதி அவர்கள் ஊற்றும் தண்ணீரில் இருக்கிறது. உழைப்புப் பங்கு என்று நான் சொல்வதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இதனால் கட்டுமானத் தொழிலாளர்களின் பிழைப்பு கெடாதா என்று ஒரு கொத்தனார் என்னிடம் நேரடியாகக் கேட்டார். நியாயமான கேள்வி அது. கொத்தனாருக்கும் கம்பி கட்டுபவருக்கும் நடப்புக் கூலியை ஒரு ரூபாய்கூடக் குறைக்காமல் கொடுக்க வேண்டும், அவர்கள் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு பெற்றவர்களாக இருப்பதை உறுதி செய்ய வேண்டும், பணம் இல்லாமல் வேலை நின்றுபோன வீடுகளை மட்டுமே தன்னார்வலர்கள் கையில் எடுக்க வேண்டும். இந்த மூன்றையும் கடைப்பிடித்தால், நின்றுபோன வீட்டில் மீண்டும் வேலை தொடங்குவதால் கொத்தனாருக்குக் கூடுதல் வேலைதான் கிடைக்கும்.

தொழில்நுட்ப வழிகாட்டல் இல்லாத நல்லெண்ணம் ஆபத்தானது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் புறநகரின் தாழ்வான பகுதிகளில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததற்கு ஏரிகளும் கால்வாய்களும் மட்டும் காரணமல்ல. செலவுக்கு அஞ்சி பேஸ்மட்டத்தைத் தாழ்வாக எழுப்பியதும், பின்னர் போடப்பட்ட சாலை வீட்டைவிட உயர்ந்துபோனதும் காரணங்களே. தெருவின் எதிர்கால மட்டத்தைக் கணித்து பேஸ்மட்ட உயரத்தைச் சொல்ல ஒரு பொறியாளர் வேண்டும். கிண்டியிலும் தரமணியிலும் பொறியியல், கட்டடக்கலை, பாலிடெக்னிக் மாணவர்கள் ஆயிரக்கணக்கில் படிக்கிறார்கள். ஆசிரியர்களின் மேற்பார்வையில் மட்டம் எடுப்பது, வரைபடம் தயாரிப்பது, மதிப்பீடு போடுவது ஆகியவற்றை அவர்கள் செய்து தரலாம். 2,500 சதுர அடிக்கு உட்பட்ட மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீடுகளுக்குச் சுயசான்றிதழ் முறையில் உடனடி அனுமதி தரும் வசதி 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளது. ஆனால் இணையத்தில் அந்த விண்ணப்பத்தை நிரப்பத் தெரியாததாலேயே இடைத்தரகரிடம் பணம் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். 1969 முதல் இயங்கிவரும் நாட்டு நலப்பணித் திட்டத்தின் 7 நாள் சிறப்பு முகாம்களில் சிலவற்றையேனும் இந்தப் பணிக்கு ஒதுக்கலாம். ஏரியையும் வாய்க்காலையும் ஊராரே உழைத்துச் செப்பனிட்ட குடிமராமத்து மரபைக் கொண்ட நம் நாட்டில் இது புதுமையான கோரிக்கை அன்று.

மக்கள் தாமே கட்டிக்கொள்வதில் நம்பிக்கை இல்லாதவர்களுக்குச் சென்னையே விடை தருகிறது. 1977இல் உலக வங்கி உதவியுடன் தொடங்கிய சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டத்தில் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் சாலை, குடிநீர், கழிவுநீர் வசதிகளோடு சிறு மனைகள் ஒதுக்கப்பட்டன. வசதி குறைந்தோர் தவணையில் மனை பெற்று, முதலில் ஓர் அறை, பிறகு இன்னொன்று, பிள்ளைகள் தலையெடுத்ததும் மாடி என்று கட்டினார்கள். இன்று அப்பகுதிகள் நகரத்தோடு இரண்டறக் கலந்த குடியிருப்புகள். மாறாக, நதிக்கரைகளிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் மொத்தமாக மாற்றப்பட்ட குடும்பங்கள், வேலையையும் பிள்ளைகளின் பள்ளியையும் விட்டுத் தொலைவில் போய்ச் சேர நேர்ந்ததை நாம் அறிவோம். அடுக்குமாடிகள் வேண்டாம் என்பதன்று என் கருத்து. மனை உள்ளவர் அந்த மனையிலேயே வாழ வழி செய்வது, அரசுக்கும் செலவு குறைந்தது, குடும்பத்துக்கும் இழப்பு குறைந்தது.

அரசிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. கட்டத் தவணைகளில் முதல் தவணையை முன்பணமாகத் தந்துவிட்டு, மற்றவற்றை இப்போதுள்ளபடியே ஆய்வுக்குப் பிறகு தரலாம். முன்பணம் தரத் தயக்கம் இருந்தால், அந்தத் தொகையை நேரடியாகச் சிமென்ட்டாகவும் கம்பியாகவும் வழங்கலாம். 2025 ஏப்ரல் முதல் 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்தைப் பெண்கள் பெயரில் பதிவு செய்தால் பதிவுக் கட்டணத்தில் 1 விழுக்காடு குறைக்கப்படுகிறது. இது நல்ல தொடக்கம். தன்னார்வ அமைப்புகளின் சுழல்நிதியிலிருந்து வட்டியில்லாக் கடன் பெறும் குடும்பங்கள் எழுதித் தரும் அடமானப் பத்திரங்களுக்கும் இத்தகைய சலுகை வேண்டும்.

நிறுவனங்களிடம் கேட்பது இன்னும் எளிது. 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின்படி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்கு ஒதுக்க வேண்டிய நிறுவனங்கள் பழைய மாமல்லபுரம் சாலையிலும் அம்பத்தூரிலும் ஒரகடத்திலும் நிறைய உள்ளன. அவற்றின் ஊழியர்கள் மரம் நடவும் பள்ளிச் சுவருக்கு வண்ணம் பூசவும் ஆர்வத்தோடு வருகிறார்கள். அதே கைகள் செங்கல் சுமக்க வரட்டும்; கூடவே அந்நிறுவனத்தின் நிதியில் ஒரு பகுதி, திரும்பி வந்து மீண்டும் பயன்படும் சுழல்நிதியாகவும் வரட்டும். பணம் வராமல் கைகள் மட்டும் வந்தால், பேஸ்மட்டத்தில் நின்ற வீடு லிண்டலில் போய் நிற்கும்.

லிண்டல் வரை வந்து நின்றுபோன வீடுகளின் விவரம் அந்தந்த மாநகராட்சி, நகராட்சி, ஒன்றிய அலுவலகங்களின் தவணைப் பதிவேடுகளிலேயே இருக்கிறது. அந்த விவரத்தை வெளியிட்டு, ஐப்பசி மழைக்கு முன் கூரை போட்டாக வேண்டிய வீடுகளை ஊர்வாரியாகக் குறிப்பிடுமாறு திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர்களையும், அவற்றில் ஒன்றிரண்டையாவது ஏற்றுக்கொள்ள இப்போதே முன்வருமாறு கல்லூரி முதல்வர்களையும் நிறுவனப் பொறுப்பாளர்களையும் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டுமான மேற்பார்வையாளர்,
அம்பத்தூர், சென்னை.