மூணு பிளக் காடி

சுங்கை சிப்புட்,
9.11.2025

அன்புள்ள மாரி,

உன் கடிதம் தீபாவளிக்கு மறுவாரம் வந்து சேர்ந்தது. வாட்ஸ்அப்பில் ஒரு வரி கேட்டிருந்தாலே போதும். நீயோ இன்னும் நீல மைப் பேனாவில் நாலு பக்கம் எழுதுகிற ஆள். அதற்குக் கட்டைவிரல் படம் ஒன்றைத் தட்டிவிட்டுப் போனால் நன்றாக இருக்காது. அதனால் பசியாறிவிட்டு வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் ஊர்ச் சேதி. நம் தோட்டத்து மேட்டு லயத்து வீட்டு வரிசையைப் போன மாதம் இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டார்கள். முனீஸ்வரர் கோயில் மட்டும் செம்பனைக்கு நடுவே நிற்கிறது. ஆயாக் கொட்டகை இருந்த இடத்தில் பழக்குலை ஏற்றும் லோரி திரும்புகிறது. எனக்குச் சர்க்கரை ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் ஊசலாடுகிறது. வீட்டுக்காரி முழங்கால் வலியோடுதான் அடுப்படியில் நிற்கிறாள், உட்காரச் சொன்னால் கேட்பதில்லை. பட்டறையைச் சின்னவன் பார்த்துக்கொள்கிறான். அவன் கம்ப்யூட்டரைச் செருகிப் பார்த்துக் கோளாறு சொல்வான். நான் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி மோந்து பார்த்துச் சொல்வேன். இரண்டும் பெரும்பாலும் ஒத்துப்போகும். ஒத்துப்போகாத நாளில் வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் பேச்சு இருக்காது.

நீ கேட்டதற்கு வருகிறேன். மகன் தன் சின்ன மைவி காரைக் கொடுத்துவிட்டு உயரமான காடி ஒன்று வாங்க நிற்கிறான், எண்ணெய்தான் இறங்கிவிட்டதே என்கிறான், நீ நாலு வார்த்தை சொல் என்று எழுதியிருந்தாய். எவ்வளவு இறங்கிவிட்டது? பெட்ரோல் லிட்டர் 2 வெள்ளி 5 காசு விற்றது, செப்டம்பர் 30-லிருந்து அடையாள அட்டையைக் காட்டினால் 1 வெள்ளி 99 காசு, அதுவும் மாதம் 300 லிட்டர் வரைக்கும். மானியம் இல்லாத விலை அன்றைக்கு 2 வெள்ளி 60. நமக்கு இறங்கியது ஆறு காசு. அந்த ஆறு காசுக்கே ஜனங்களின் மனதில் காடி ஒரு சுற்றுப் பெருத்துவிட்டது. உன் மகனை மட்டும் குறை சொல்லவில்லை, என் பட்டறை வாசலிலும் நாலு பேருக்கு இதே பேச்சுதான்.

காடி செய்கிற கம்பெனிக்காரனும் இந்த விஷயத்தில் உன் மகன் மாதிரிதான். எண்ணெய் சுட்டால் சின்னதாகச் செய்வான், ஆறினால் பெரிதாக்குவான். சின்ன காடிக்கும் பெரிய காடிக்கும் வேலை கிட்டத்தட்ட ஒன்றுதான், லாபம் மட்டும் பெரியதில் அதிகம். பிறகு எவன் மனதாரச் சின்னதைச் செய்வான்?

சின்னதுரையின் வெள்ளை மினி ஞாபகம் இருக்கிறதா? மழையில் வெட்டுக்காட்டு வளைவில் பின்சக்கரம் வாய்க்காலுக்குள் இறங்கி, பால்வாளியைக் கீழே வைத்துவிட்டு உங்கப்பாவும் இன்னும் ஐந்து பேரும் அலாக்காகத் தூக்கி ரோட்டில் வைத்தார்களே. துரை உள்ளேயே உட்கார்ந்திருந்தார் என்று நீ சொல்வாய், குடை பிடித்துக்கொண்டு வெளியே நின்றார் என்று நான் சொல்வேன். அந்தக் காடி பிறந்ததே எண்ணெய்த் தட்டுப்பாட்டில்தான். 1956-இல் எகிப்து சூயஸ் கால்வாயை எடுத்துக்கொண்டு, அதனால் சண்டை வந்து, பிரிட்டனில் பெட்ரோலை அளந்து கொடுக்கிற நிலைமை. நாலு பேர் உட்காரணும், எண்ணெயும் அதிகம் குடிக்கக் கூடாது என்று இசிகோனிஸ் என்கிற எஞ்சினியரிடம் வேலையை ஒப்படைத்தார்கள். அவர் எஞ்சினைக் குறுக்கே திருப்பிப் போட்டார், கியர்பெட்டியை அதன் அடியிலேயே சொருகினார், பத்து அங்குலச் சக்கரத்தை மாட்டிப் பத்தடி நீளத்துக்குள் எல்லாவற்றையும் முடித்தார். 1959-இல் விற்பனைக்கு வந்தது. உன் மகனின் மைவியைத் திறந்து பார், எஞ்சின் குறுக்கேதான் கிடக்கும். அந்த வழக்கத்தை உலகம் முழுக்கப் பரப்பியது நம் ஆட்கள் தூக்கி வைத்த மினிதான்.

நான் பட்டறை முதலாளி தவுக்கேயிடம் வேலைக்குச் சேர்ந்தது 1972. மறுவருஷம் அக்டோபரில் அரபு நாடுகள் குழாயை இறுக்கின. பீப்பாய் 3 டாலர் சொச்சம் இருந்தது, சில மாதத்தில் 12 டாலருக்குப் பக்கத்தில் போய்விட்டது. அமெரிக்காவில் படகு மாதிரி எட்டு சிலிண்டர் காடிகள் பெட்ரோலுக்கு வரிசையில் நின்றன. யோகம் அடித்தது ஜப்பான்காரனுக்கு. அவன் ஊரில் ரோடும் குறுகல், எண்ணெயும் கப்பலில்தான் வரவேண்டும், அதனால் முதலிலிருந்தே சின்னதாகச் செய்து பழகியிருந்தான். நம் டவுனில் ஆபீஸ் கணக்கு எழுதும் கிராணிமாரும் வாத்தியார்மாரும் டட்சன் 120 ஒய்க்கு மாறியது அந்தச் சமயத்தில்தான். 1,171 சிசி. தவுக்கே எனக்குப் பிளக் பார்க்கச் சொல்லிக்கொடுத்ததும் அந்தக் காடியில்தான். பிளக் முனை கறுத்துப் புகைபிடித்திருந்தால் எண்ணெய் அதிகமாக இறங்குகிறது, வெளுத்திருந்தால் குறைவு, பிஸ்கட் நிறத்தில் இருந்தால் கையை எடுத்துவிடு என்பார்.

எண்ணெய் விலை நம் லயத்துக்குள்ளும் வந்தது. செயற்கை ரப்பர் எண்ணெயிலிருந்து செய்வது, எண்ணெய் ஏறினால் நம் பாலுக்கு நல்ல விலை வரும் என்று வேலை மேற்பார்க்கும் தண்டல் சொல்லிக்கொண்டு திரிந்தார். நடந்தது வேறு. மேல்நாட்டில் காடி விற்பனை படுத்ததும் டயர் விற்பனையும் படுத்தது, 1974-இல் ரப்பர் விலை இறங்கியது. மளிகைச் சாமான் விலையோ ஏறிக்கொண்டே போனது. கெடாவில் பாலிங் பக்கம் சிறுதோட்டக்காரர்கள் பட்டினி என்று தெருவுக்கு வந்தது அந்த வருஷக் கடைசியில்தான். எங்கள் வீட்டில் ராத்திரிச் சோறு மரவள்ளிக்கிழங்காக மாறியது, அம்மா அதை ருசி மாற்றம் என்று சொல்லிச் சமாளித்தாள்.

இதில் நல்லதும் ஒன்று உண்டு, ஏனோ யாரும் அதைப் பேசுவதில்லை. எண்ணெயை மிச்சம் பிடிக்க அமெரிக்கர்கள் ரேடியல் டயருக்கு மாறினார்கள். அது உருளும்போது இழுவை குறைவு. அந்த டயருக்குப் பழைய டயரைவிட இயற்கை ரப்பர் அதிகம் வேண்டும். ஆக, விடியுமுன்னே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு உங்கம்மாவும் எங்கம்மாவும் வெட்டிய பால், எங்கோ ஒருவன் எண்ணெயை மிச்சம் பிடிக்கப் போய்ச் சேர்ந்திருக்கிறது. நம் வீட்டில் அப்போது சைக்கிள்தான்.

கம்பெனிக்காரன் விலைக்கு மட்டும் பயந்து முழுசாகத் திருந்திவிடவில்லை, சட்டமும் போட வேண்டியிருந்தது. 1975-இல் அமெரிக்காவில் போட்ட சட்டம், விற்கிற காடிகள் சராசரியாக கேலனுக்கு 27.5 மைல் ஓடவேண்டும், 1985 வரை கெடு என்றது. நம் கணக்கில் லிட்டருக்கு 11.7 கிலோமீட்டர். 1986-இல் எண்ணெய் விலை சரிந்தது. சிறிய லோரி வகைக்கு அந்தச் சட்டத்தில் கணக்குக் கொஞ்சம் தளர்வு. அந்த ஓட்டையில் புகுந்து, லோரிக் கட்டையின் மேல் சொகுசுக் கூண்டை ஏற்றி விற்றார்கள். 2008-இல் பீப்பாய் 147 டாலரைத் தொட்டதும் மறுபடியும் அவசரம். ராட்சத ஹம்மர் காடியைக்கூட 2010-இல் மூடிவிட்டார்கள்.

அந்த 2008-ஐ நாமும் பார்த்தோமே. ஜூன் 4 சாயங்காலம் அறிவித்தார்கள், நள்ளிரவிலிருந்து 1.92 வெள்ளி 2.70 ஆனது. நீ கிள்ளானில் இரண்டு மணி நேரம் வரிசையில் நின்று அரை டாங்கி நிரப்பியதாகச் சொல்லிச் சிரித்தாய். இங்கே எண்ணெய் தீர்ந்துபோன காடிகளை வரிசையில் தள்ளிக்கொண்டே போனார்கள். பிறகு 2,000 சிசி வரைக்கும் காடிக்கு 625 வெள்ளி தபால் நிலையத்தில் கொடுத்தார்கள், அதற்கும் ஒரு வரிசை. அந்த மாதம்தான் சந்தையில் ஒருவன், எண்ணெய்க் குழாயில் கட்டினால் நூற்றுக்கு முப்பது மிச்சம் என்று காந்தம் விற்றான். ஐம்பத்து மூன்று வயது மெக்கானிக், எண்பது வெள்ளி கொடுத்து வாங்கினேன். இதை என் வீட்டுக்காரிக்கு இன்று வரை சொன்னதில்லை, நீயும் சொல்லிவிடாதே. காந்தம் இப்போது கீழே விழுந்த ஆணி பொறுக்க நன்றாக உதவுகிறது.

நம் நாட்டுச் சின்ன காடி கஞ்சிலைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். 1994-இல் அது வந்தபோது எண்ணெய் ஒன்றும் பெரிதாக ஏறிக்கிடக்கவில்லை. அது எண்ணெய்க்குப் பயந்து வந்த காடி இல்லை, நம் சம்பளத்துக்கு ஏற்ற காடி. அடியில் டைஹாட்சு மீரா. ஜப்பானில் 660 சிசிக்குள் இருந்தால் வரியில் சலுகை, அதற்காகச் செய்த சின்ன எஞ்சின் அப்படியே இங்கே வந்தது. முதல் கஞ்சில் பட்டறைக்கு வந்த அன்று தவுக்கே மூடியைத் தூக்கிப் பார்த்தார். விரலை வைத்து எண்ணினார். மறுபடியும் எண்ணினார். "டேய், ஒரு பிளக்கைக் காணோம்" என்று என்னைப் பார்த்தார், நான் திருடிவிட்ட மாதிரி. மூணு சிலிண்டர், மூணு பிளக். சும்மா நிற்கும்போது கண்ணாடி நடுங்கும். டயர் பன்னிரண்டு அங்குலம், விளையாட்டுச் சாமான் மாதிரி இருந்தது. அதில் தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்கு எட்டுப் பேர் போனோம். பால்குடம் இரண்டு, என் மாமியார் ஒன்று. ஏற்றத்தில் கொஞ்சம் முனகியது, ஆனால் போய்ச் சேர்ந்தது.

இப்போது சொல்வதுதான் உன் மகனுக்கு. சின்ன காடி வந்தால் எண்ணெய்ச் செலவு குறையும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். லிட்டருக்கு ஓடுகிற தூரம் கூடியது உண்மை. ஆனால் ஓட்டமும் கூடிப்போய்விட்டது. அப்பா விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நடந்து போனார், அவருடைய எண்ணெய்ச் செலவு விளக்குக்கு ஊற்றிய மண்ணெண்ணெய் மட்டும். என் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் நாலு லிட்டர் போதும். தோட்டம் துண்டுபோட்டு விற்றுப்போய், ஜனங்கள் டவுன் ஓரத்து மலிவு வீடுகளுக்கு வந்தார்கள். வேலை ஈப்போவில், பிள்ளைக்கு டியூஷன் ஒரு திக்கில், டாக்டர் இன்னொரு திக்கில். பஸ்ஸுக்குக் காத்திருந்தால் பொழுது போய்விடும்.

என் மருமகள் ஈப்போவுக்கு அக்ஸியாவில் போகிறாள். போகவர 60 கிலோமீட்டர், மாதம் 25 நாள், 1,500 கிலோமீட்டர். நெரிசலையும் சேர்த்து லிட்டருக்கு 15 என்று வை. 100 லிட்டர், 199 வெள்ளி. அதே ஓட்டத்துக்கு லிட்டருக்குப் பத்து ஓடுகிற பழைய டட்சன் என்றால் 150 லிட்டர். காடி மிச்சம் பிடித்துக் கொடுத்த 50 லிட்டர் இருக்கிறதே, அந்த மிச்சத்தை நம்பித்தான் அவள் அவ்வளவு தூரத்து வேலைக்கு ஒத்துக்கொண்டாள். சின்ன காடி நம் பையில் காசு போடவில்லை, தூரத்தை நமக்கு விற்றது. இதை நான் குறையாகவும் சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் அவளுக்கு இங்கே என்ன வேலை கிடைத்திருக்கும்?

உன் மகன் பார்க்கிற உயரமான காடிகளில் பலவற்றுக்குள்ளும் மூணு சிலிண்டர்தான் போட்டார்கள், தெரியுமா? 2020-இல் முதலில் வந்த எக்ஸ் 50-இல் 1.5 லிட்டர், மறுவருஷம் வந்த அத்திவாவில் 998 சிசி, இரண்டிலும் டர்போ. கூண்டு பெருத்தது, எஞ்சின் இளைத்தது. எண்ணெய் விலைக்கும் சட்டத்துக்கும் கம்பெனிக்காரன் கண்டுபிடித்த சமாதானம் அது. மெதுவாக மிதித்தால் நன்றாகவே மிச்சம் பிடிக்கும். காலை அழுத்தினால் டர்போ காற்றை ஏற்றும், காற்று ஏற ஏற எண்ணெயும் இறங்கும். உன் மகன் ஓட்டுகிற காடியில் நான் ஒருமுறை கிள்ளானிலிருந்து ஷா ஆலாம் வரை உட்கார்ந்து வந்திருக்கிறேன். மேலே சொல்ல வேண்டியதில்லை.

அதனால் அவனிடம் எண்ணெய் விலையைப் பேசாதே. 1.99 இன்றைக்கு, நாளைக்கு யார் கண்டது. போன வருஷம் ஜூன் 10-ஆம் தேதி டீசல் ஒரே ராத்திரியில் 3.35 ஆனபோது இங்கே பழக்குலை லோரிக்காரர்கள் மூஞ்சியைப் பார்த்திருக்க வேண்டும். மாதம் எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறான், அதில் எத்தனை தடவை நாலு பேருக்குமேல் ஏறுகிறார்கள், இந்த இரண்டை மட்டும் ஒரு மாதம் எழுதி வைக்கச் சொல். ஒன்பது வருஷத் தவணை என்று எழுதியிருந்தாய். அந்தத் தவணை முடியும்போது அவனுக்கு நாற்பத்தேழு, உனக்கு எழுபத்தொன்பது. மைவிக்கு வயது பத்துதானே? சஸ்பென்ஷன் சாமானை மாற்றி, கியர் எண்ணெய் ஊற்றினால் இன்னும் ஐந்து வருஷம் வாய் திறக்காது. இங்கே ஓட்டி வரச்சொல், சின்னவன் கம்ப்யூட்டரில் பார்க்கட்டும், நான் பிளக்கைப் பார்க்கிறேன்.

இவ்வளவு நியாயம் பேசிவிட்டு ஒன்றை மறைத்தால் நீ பிறகு ஏசுவாய். நம் தோட்டத்துப் பெரிய கிராணி காலமானபின் அவருடைய 120 ஒய் அந்த வீட்டுக் கொட்டகையிலேயே கிடந்தது. எலி கூடு கட்டியிருந்தது. பிள்ளைகள் இரும்புக்குப் போடப் பார்த்தார்கள், நான் எழுநூறு வெள்ளிக்கு வாங்கிவிட்டேன். மூன்று மாதமாகப் பின்கொட்டகையில் வைத்துத் தட்டிக்கொண்டிருக்கிறேன். போன வெள்ளிக்கிழமை ஸ்டார்ட் ஆகியது. கார்புரேட்டரில் இரண்டு இடத்தில் ஒழுகுகிறது, தெருமுனை ஒட்டுக்கடை வரைக்கும் போய்வந்ததில் எவ்வளவு குடித்தது என்று கேட்காதே. ஆனால் அந்தச் சத்தம், மாரி! கிராணி சம்பள நாளில் ஆபீஸ் வாசலில் வந்து நிறுத்துவாரே, அதே சத்தம். வீட்டுக்காரி அடுப்படியிலிருந்து முழங்காலை மறந்து வெளியே வந்துவிட்டாள்.

ஹிட்டாச்சி கார்புரேட்டர். அதன் கேஸ்கெட் செட்டும் மிதவை ஊசியும் இங்கே எங்கும் இல்லை. காப்பார் ரோட்டுப் பக்கம் பழைய காடிச் சாமான் கடைகள் இருக்கின்றனவே, போய்க் கேட்டுப் பார். எஞ்சின் ஏ 12 என்று சொல், 1,171 சிசி என்று சொல், இல்லாவிட்டால் வேறெதையாவது தலையில் கட்டிவிடுவான். கிடைத்தால் தை மாதம் வரும்போது கையோடு கொண்டு வா.

அன்புடன்,
உன் சுப்பையா