பூமாதேவின்னா பொறுமை மட்டும்தானா?

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்.

உங்க ஞாயிறு இணைப்புல பூமித்தாயைப் பத்தி வந்த கட்டுரைய படிச்சேன். நல்லாத்தான் எழுதியிருந்தாங்க, ஆனா ஆரம்பத்துல இருந்து கடைசி வரி வரைக்கும் பொறுமை பொறுமைன்னே போகுது, தோண்டுனாலும் தாங்குவா, மிதிச்சாலும் தாங்குவா, அதான் தாய்னு. இதுக்கு எல்லாரும் எடுக்குறது "அகழ்வாரைத் தாங்கும் நிலம்போல" குறள்தான். அது பொறையுடைமை அதிகாரம், நம்மள திட்டுறவன பொறுத்துக்கோன்னு நமக்கு சொன்னது, தோண்டுறவனுக்கு குடுத்த பர்மிட் இல்ல. அதே வள்ளுவர் உழவு அதிகாரத்துல கடைசி ரெண்டு குறள்ல என்ன சொல்லுதாருன்னும் பாக்கணும்லா. வயலுக்கு போய் பாக்காதவன்கிட்ட நிலம் பொண்டாட்டி மாதிரி ஊடிக்கும், கையில ஒண்ணுமில்லைன்னு சோம்பி உக்காந்திருக்கவன பாத்து சிரிக்கும். அங்க அவ தாயே இல்ல பாத்துக்கிடுங்க, கோவமும் நக்கலும் உள்ள பொம்பள.

புராணத்துலயும் அவ அப்படி ஒண்ணும் அடங்கி கெடக்கல. விஷ்ணு புராணத்துல பிருது ராஜா கதை இருக்கு, பஞ்ச காலத்துல பூமாதேவி வெளைச்சல எல்லாம் உள்ள இழுத்து வச்சுக்கிட்டான்னு ராஜா வில்ல தூக்கிட்டு தொரத்துதாரு, அவ பசு மாட்டு உருவத்துல ஓடுதா, கடைசில நின்னு கன்னுக்குட்டி கொண்டா, தரைய சமமாக்கு, அப்போ பால் தாரேன்னு பேரம் பேசுதா. நரகாசுரன் அவ பெத்த பிள்ளைதான், அவன் செத்ததுக்குத்தான் நாம எண்ணெய் தேச்சு குளிச்சு தீபாவளி கொண்டாடுதோம். ராமாயணத்து உத்தரகாண்டத்துல சீதைகிட்ட திரும்பவும் சத்தியம் கேட்டப்போ பூமி பிளந்து சிம்மாசனத்தோட வந்து மகள கூட்டிட்டு போயிட்டா, ராமர் அவ்வளவு கோவப்பட்டும் திருப்பி அனுப்பல. (நம்ம ஊர்ல எத்தன அம்மாமாரு அனுசரிச்சு போ மக்ளேன்னு சொல்லி மறுநாளே பஸ் ஏத்தி விடுதாவ!)

இதெல்லாம் எங்கயோ உள்ள கதைன்னா நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துலயே இசக்கி அம்மன் இருக்காளே. முப்பந்தல் கதைய வில்லுப்பாட்டுல கேட்டவங்களுக்கு தெரியும், ஊருக்கு ஊரு கொஞ்சம் மாறும், தன்ன நம்பி மடியில தலைவச்சு தூங்குனவள ஒருத்தன் நகைக்காக கல்ல போட்டு கொன்னுட்டான், அவ மறுபடி வந்து கள்ளிக் கொப்ப ஒடிச்சு பிள்ளையாக்கி இடுப்புல வச்சுக்கிட்டு, இவன்தான் எம்புருசன்னு ஊரார் முன்னால வழக்கு பேசி பழி தீத்தா. செலைய பாருங்க, முழிச்ச கண்ணு, வெளிய நீட்டுன பல்லு, ஒரு கையில ஆயுதம், இன்னொரு கையில பிள்ளை. அந்த இசக்கிகிட்டத்தான் நம்ம பொம்பளைங்க பிள்ளை வரம் கேட்டு தொட்டில் கட்டுதாவ, பொறுமையான சாமியா தேடிப் போகல.

மண்டைக்காட்டுல அம்மனே புத்துதான், 15 அடிக்கு வளந்து நிக்குற மண்ணு, அதுக்கு சந்தனம் சாத்தி கும்பிடுதோம். மாசிக்கொடை திருவிழாவுக்கு கேரளாவுல இருந்து பொம்பளைங்க இருமுடி கட்டி இங்க வாராவ, இங்க இருந்து மலைய ஒடச்ச கல்லும் எம்-சாண்டும் டாரஸ் லாரில அங்க போகுது, ரெண்டும் ஒரே சீசன்ல நடக்கு, யாருக்கும் உறுத்தல. உறுத்தாததுக்கு காரணம் இந்த மாதிரி கட்டுரைகளும்தான்னு நான் நெனைக்கேன். தாய்னு சொல்லியாச்சு, தாய்னா பொறுத்துக்குவான்னும் சொல்லியாச்சு, பொறவு எவன் யோசிப்பான்?

ஔவையார் புறநானூறு 187ல சுத்தி வளைக்காம சொல்லியிருக்காங்க. நாடோ காடோ, பள்ளமோ மேடோ, எங்க ஆம்பளைங்க நல்லவங்களோ அங்க நீயும் நல்லா இருப்ப நிலமேன்னு. தாய், தெய்வம்னு ஒரு பேச்சு கெடையாது, பொறுப்ப நேரா ஆளு தலையில தூக்கி வைக்கிற பாட்டு. தாழக்குடியில ஆடிச் செவ்வாய்க்கு ஔவையாரம்மனுக்கு கொழுக்கட்டை அவிக்குறோமே, இந்த பாட்ட ஒரு போர்டுல எழுதி அங்க மாட்டுனா கொள்ளாம்.

அய்யா, அன்னையர் தினத்துக்கு வருசா வருசம் ஸ்பெஷல் பக்கம் போடுதீங்க. அடுத்த தடவ அதுல அரைப்பக்கம் இசக்கி கதை பாடுத வில்லுப்பாட்டு புலவர்மாருக்கு ஒதுக்குங்க, மாவட்டத்துல இன்னும் பாடிக்கிட்டுதான் இருக்காவ, உங்க நிருபர் ஒரு கோவில் கொடைக்கு போனாலே போதும், ஆளு கெடைப்பாவ.

இப்படிக்கு,
தக்கலையில இருந்து ஒரு வாசகி