பட்ஜெட் வேலைக்கு இனி ஆள் வேண்டாமா? மச்சானுக்கு ஒரு கடிதம்

ஹட்டன்

அன்பு மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஒபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று வாசித்ததும்தான் மனம் ஆறியது. இங்கே எல்லோரும் சுகம். டித்வா புயலின்போது வீட்டுக்குப் பின்னால் சரிந்த மண்மேட்டுக்குக் கல் அடுக்கிக் கட்டி முடித்துவிட்டோம். சின்னவன் ஓ.எல். எழுதிவிட்டு ரிசல்ட்டுக்காகக் காத்திருக்கிறான்.

சரி, மூத்தவள் விஷயத்துக்கு வருகிறேன். பொருளியல் முடித்துவிட்டு அரச நிதி, வரவு செலவுத் திட்ட ஆய்வு என்று மேலே படிக்க ஆசைப்படுகிறாள், யாரோ “அதெல்லாம் இனி ஏ.ஐ. பார்த்துக்கொள்ளும்” என்று சொல்லி அவளைக் குழப்பிவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். சொன்னவர் சும்மா சொல்லவில்லை. 2013இல் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ஃப்ரே, ஆஸ்போர்ன் என்ற இரண்டு பேர் அமெரிக்காவின் 702 தொழில்களை எடுத்து, எவையெல்லாம் கணினியின் கைக்குப் போகும் என்று கணித்தார்கள். கணக்காளர், கணக்காய்வாளர் வேலை அப்படிப் போக 94 சதவீத வாய்ப்பு என்று போட்டார்கள். பட்ஜெட் ஆய்வாளர்களும் அந்த ஆபத்தான வரிசையில்தான் இருந்தார்கள். இத்தனை வருடம் கழித்தும் அமெரிக்காவில் ஏறக்குறைய 50,000 பேர் அந்த வேலையில் இருக்கிறார்கள். ஆனாலும் அதை வைத்து நிம்மதியாக இருக்க என்னால் முடியவில்லை. அன்றைய கணினிக்குக் கூட்டத்தான் தெரியும். இன்றைக்கு வந்திருப்பது அறிக்கையே எழுதுகிறது.

எங்கள் அலுவலகத்திலேயே பார்த்தேன். புதிதாக வந்த அபிவிருத்தி உத்தியோகத்தர் பிள்ளை ஒருத்தி, கெட்டிக்காரி. நான்கு வருட வீதிச் செலவை மாதவாரியாக எடுத்து சாட்ஜிபிடியிடம் கொடுத்தாள். நான் தேத்தண்ணி குடித்து முடிக்கும் முன் வரைபடம், விளக்கம், சிங்களத்திலும் தமிழிலும் குறிப்பு எல்லாம் வந்துவிட்டது. முன்பு இதற்கு எனக்கு ஒரு வாரம் பிடிக்கும். கூட்டலில் ஒரு பிழை இல்லை. கடைசியில் ஒரு சிபாரிசும் இருந்தது: வீதிப் பராமரிப்பில் செப்டெம்பர் முடிவில் கால்வாசிகூடச் செலவாவதில்லை, ஆகவே அடுத்த வருடம் அந்த ஒதுக்கீட்டைக் குறைக்கலாம்.

கேட்டால் நியாயம் போலத்தான் இருக்கும். ஆனால் மச்சான், இங்கே வேலை நடக்கும் விதம் உனக்குத் தெரியும். விலைமனு கோரி, மதிப்பீடு பார்த்து, ஒப்பந்தம் கையெழுத்தாகும்போதே மே வந்துவிடும். அன்றிலிருந்து செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. அந்த ஈரத்தில் தார் ஒட்டாது, கொங்கிரீட் லொறி மேலே ஏறாது. அப்புறம் மழை விட்ட நாட்களில் அடித்துப் பிடித்து வேலை நடக்கும், பில்கள் எல்லாம் டிசெம்பரில் வந்து குவியும். அந்தச் சிபாரிசு அப்படியே மேலே போயிருந்தால் ஒரு வருடத்துக்கு ரோட்டு இல்லை. அவளைப் பக்கத்தில் இருத்தி இதைச் சொன்னேன். உடனே புரிந்துகொண்டாள். இப்போது அதே கருவியிடம் ஒப்பந்தத் திகதிகளையும் சேர்த்துக் கொடுத்துக் கேட்கிறாள், நல்ல பதில் வருகிறது.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. 1987ஆம் வருடப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு நம் தேயிலைத் தோட்டத்து ஆட்களை என்ன பாடு படுத்தியது என்று உனக்கு நினைவிருக்கும். தோட்டத்துக்குள் போகும் ரோட்டுக்கோ தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குப் பக்கத்து வாய்க்காலுக்கோ சபை காசு செலவழிக்க முடியாமல் கிடந்தது. 2018இல்தான் அதைத் திருத்தினார்கள். அதே காலத்தில்தான் அம்பகமுவ, நுவரெலியா என்று இரண்டாக இருந்த சபைகள் ஆறாகி மஸ்கெலியா, நோர்வூட், கொட்டகலை, அக்கரப்பத்தனைக்கும் தனிச் சபை வந்தது. இப்போது யோசித்துப் பார். பழைய கணக்கை வைத்து வருங்காலத்தைக் கணிக்கும் இயந்திரத்துக்கு முப்பது வருடக் கணக்கைக் கொடுத்தால், தோட்டங்களுக்கு நேரே பெரும்பாலும் பூச்சியம்தான் இருக்கும். தேவை இல்லாததால் செலவில்லை என்று அது எடுத்துக்கொள்ளும். சட்டம் கதவைப் பூட்டி வைத்திருந்ததால் வந்த பூச்சியம் அது என்று எடுத்துச் சொல்ல அந்த நாற்காலியில் ஒருவர் இருக்க வேண்டும். அது நம் பிள்ளையாக இருந்தால் இன்னும் நல்லது. அதனால்தான் இந்தப் படிப்பை அவள் விடக்கூடாது என்கிறேன்.

2026 பட்ஜெட்டையே எடுத்துக்கொள். தோட்டத்து நாள் சம்பளம் 1,350இலிருந்து 1,550 ரூபா, அதற்கு மேல் வேலைக்கு வரும் நாளுக்கு அரசின் 200 ரூபா என்று 2025 நவம்பரில் வாசித்தார்கள். அந்த 200 ரூபாவுக்கு வருடத்துக்கு எவ்வளவு ஒதுக்குவது? பெருக்கல் கணக்கு எந்த இயந்திரமும் செய்யும். ஆனால் செக்ரோலில், அதாவது தோட்டத்துத் தொழிலாளர் பதிவேட்டில், பெயர் உள்ளவர்களில் எத்தனை பேர் உண்மையில் மலைக்கு ஏறுகிறார்கள், எத்தனை இளைஞர்கள் கொழும்புக்குக் கடைவேலைக்குப் போய்விட்டார்கள், கொழுந்து குறைந்த மாதத்தில் தோட்டம் எத்தனை நாள் வேலை கொடுக்கும் என்பதெல்லாம் தெரிந்தால்தான் அந்தப் பெருக்கலுக்கு அர்த்தம். அந்த உரை வாசித்து மூன்று வாரத்தில் டித்வா வந்தது. டிசெம்பரில் 500 பில்லியன் ரூபாவுக்குக் குறைநிரப்பு மதிப்பீடு, அதாவது பட்ஜெட்டுக்கு மேலான ஒதுக்கீடு, கொண்டுவர வேண்டியதாயிற்று.

வெளிநாட்டிலும் இதே பாடுதான். அவுஸ்திரேலிய அரசுக்கு டிலொய்ட் என்ற ஆலோசனை நிறுவனம் எழுதிக் கொடுத்த 440,000 டொலர் அறிக்கையில் இல்லாத ஆய்வுகளுக்கு மேற்கோள் இருந்தது, நீதிமன்றத் தீர்ப்பில் இல்லாத வாசகம் இருந்தது. ஏ.ஐ. பாவித்தது பிறகுதான் வெளியே வந்தது. 2025 ஒக்டோபரில் பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்க ஒப்புக்கொண்டார்கள். நம் நாட்டில் கணக்காய்வாளர் நாயகத்தின் ஐயவினா, அதாவது செலவுக்கு விளக்கம் கேட்கும் கடிதம், வந்தால் இயந்திரமா பதில் சொல்லப் போகிறது? கையெழுத்துப் போட்டவர்தான் சொல்ல வேண்டும். 2024இல் வந்த அரச நிதி முகாமைத்துவச் சட்டம் வட்டி நீங்கலான செலவை மொத்த உள்நாட்டு உற்பத்தியின் 13 சதவீதத்துக்குள் வைக்கச் சொல்கிறது. உச்சவரம்பு இருக்கும்போது ஒன்றுக்குக் கொடுத்தால் இன்னொன்றில் வெட்டு விழும். எதை வெட்டுவது, ஏன் என்று காரணம் காட்டுகிற ஆளுக்கு வேலை கூடத்தான் செய்யும்.

ஒரு கவலை மட்டும் எனக்கு நிஜமாகவே இருக்கிறது. நானும் நீயும் வேலை பழகியது வவுச்சர் பார்த்து. ஒவ்வொரு பில்லாகப் புரட்டிப் புரட்டித்தான் எது சரி, எது பொய் என்று மூக்குக்குத் தெரிய ஆரம்பித்தது. இப்போது முதலில் போகப்போவது அந்த அடிமட்ட வேலைதான். படித்து முடித்து வரும் பிள்ளைகளுக்கு நுழைவு வேலை குறையும், அந்த அனுபவமும் கிடைக்காது. திறைசேரியும் கம்பனிகளும் புதியவர்களை எப்படிப் பழக்குவது என்று இப்போதே யோசிக்காவிட்டால், பத்து வருடத்தில் இயந்திரம் எழுதுவதைச் சரிபார்க்கத் தெரிந்தவர்களே இருக்கமாட்டார்கள். இதை நான் எங்கள் கணக்காளரிடமும் சொன்னேன். அவருக்கும் அதே பயம் இருக்கிறது.

அதனால் மகள் தானாகத்தான் அந்தப் பயிற்சியைத் தேடிக்கொள்ள வேண்டும். புள்ளிவிபரவியலை நன்றாகப் படிக்கட்டும். ஏ.ஐ. கருவிகளை ஒதுக்க வேண்டாம், அவற்றிடம் பிழை பிடிக்கும் அளவுக்குப் பழகட்டும். சிங்களத்தில் சுற்றறிக்கை வாசித்து எழுதும் அளவுக்காவது வரவேண்டும். திறைசேரியில் பேச்சு அந்த மொழியில்தான் நடக்கிறது. லீவுக்கு வரும்போது இரண்டு வாரம் இங்கே தங்கட்டும். சபையின் பட்ஜெட் புத்தகத்தை எடுத்து வைத்து, அதில் உள்ள வேலை நடக்கும் இரண்டு மூன்று தோட்டங்களுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போகிறேன். தாளில் எழுதியதையும் தரையில் கிடப்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அவளே முடிவெடுப்பாள்.

எந்தப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கிறாள் என்று நீ எழுதவில்லை. அவளையே கோல் எடுக்கச் சொல், வார நாளில் ஆறு மணிக்குப் பிறகு நான் வீட்டில்தான் இருப்பேன்.

அன்புடன்,
உன் மச்சான்