வழிவிடச் சொல்லுங்கள், ஆனால் முதலில் எழுதிக் கொடுங்கள்: எஃப்.ஐ.ஏ.வுக்கு மதுரையிலிருந்து ஒரு திறந்த மடல்

உலக மோட்டார் பந்தயங்களுக்கு விதி வகுக்கும் எஃப்.ஐ.ஏ.வின் மதிப்புக்குரிய தலைவர் முகமது பென் சுலாயம் அவர்களுக்கும், உலக மோட்டார் விளையாட்டு மன்ற உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

2025 டிசம்பரில் போட்டியின்றி மறுபடியும் தலைவராகியிருக்கிறீர்கள். வாழ்த்துகள். 2026 மார்ச்சில் மெல்பர்னில் ஃபார்முலா 1 கார் பந்தயத்தின் புது சீசன் தொடக்கம். புது இன்ஜின், புது இறக்கை, கேடிலாக்கையும் சேர்த்துப் பதினோரு அணி. இத்தனையையும் மாற்றியவர்கள் ஒன்றை மட்டும் தொடாமல் விட்டுவிட்டீர்கள். ஓர் அணி தன் இரண்டு டிரைவர்களில் யாரை, எந்தச் சூழ்நிலையில் வழிவிடச் சொல்லும் என்பதைப் பந்தயத்துக்கு முன்னாலேயே உங்களிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். அதை ரசிகர்கள் படிக்க வேண்டும். இந்த மடலில் நான் கேட்பது அது ஒன்றுதான்.

2025இல் இத்தாலியின் மான்ஸா பந்தயத்தில் நடந்தது உங்களுக்குத் தெரியும். எங்கள் மதுரை செல்லூரில் அது எப்படித் தெரிந்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

இங்கே ஒரு டூவீலர் பட்டறை இருக்கிறது. ரேஸ் இருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஷட்டரைப் பாதி இறக்கி, சர்வீசுக்கு வந்த வண்டிகளைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவோம். பார்ப்பதற்கான பாஸுக்கு ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டுக்கொள்வோம். நான் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரன். இங்கிலீஷ் கமெண்டரியையும், கரகரவென்று வரும் ரேடியோ பேச்சையும் கேட்டு மற்றவர்களுக்குச் சொல்வது என் வேலை. சம்பளம், எக்ஸ்ட்ரா சால்னாவோடு இரண்டு புரோட்டா.

2025 செப்டம்பர் 7. அன்று ராத்திரி சந்திர கிரகணம். நேரத்தோடு சாப்பிட வரச் சொல்லி எல்லார் வீட்டிலிருந்தும் போன் மேல் போன். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. ரெட் புல் அணியின் வெர்ஸ்டாப்பன் முன்னால் தனியாகப் பறந்துகொண்டிருந்தார், அவரைப் பிடிக்க ஆளில்லை. பின்னால் மெக்லாரன் அணியின் கார்கள் இரண்டும், நாரிஸ் முன்னே, பியாஸ்ட்ரி பின்னே. ஃபெராரியின் லெக்லேரைச் சமாளிக்க வேண்டும் என்று, பின்னால் இருந்த பியாஸ்ட்ரியை முதலில் டயர் மாற்ற அழைத்தார்கள். இதனால் உன் இடம் பறிபோகாது என்று நாரிஸுக்கு வாக்குக் கொடுத்தார்கள். பியாஸ்ட்ரிக்கு 1.9 விநாடியில் வேலை முடிந்தது. நாரிஸுக்கு ஒரு சக்கரம் மக்கர் பண்ணி 5.9 விநாடி ஆனது. வெளியே வந்து பார்த்தால் பியாஸ்ட்ரி முன்னால். உடனே ரேடியோவில் உத்தரவு: இடத்தைத் திருப்பிக் கொடு.

எங்கள் கூட்டத்தில் ஒரு பெரியவர் இருக்கிறார். மேலூர்ப் பக்கம், கவர்மெண்ட் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். வாலிபத்தில் மாட்டு வண்டிப் பந்தயத்தில் சாரதியாக இருந்தவர். அவர் என்னைக் கேட்டார்:

“சக்கரம் மாட்ட லேட்டாக்குனது யாருப்பா?”

“அவங்க மெக்கானிக்குதான் பெரியப்பா.”

“முன்னாடி போறானே, அந்தப் பையன் எதுவும் பண்ணலையே?”

“இல்ல.”

“அப்ப எதுக்கு எடம் விடுறான்?”

“இப்படி ஆனா இப்படிச் செய்யணும்னு முன்னாடியே பேசி வச்சிருப்பாங்க.”

“பேசி வச்சிருந்தா அவன் எதுக்கு இப்பக் கேள்வி கேக்குறான்?”

தலைவர் அவர்களே, இதற்கு என்னிடம் பதில் இல்லை. டயர் மாற்றும் பிட் ஸ்டாப் தாமதமானால் அதுவும் பந்தயத்தில் ஒரு பகுதிதான் என்று நாம் பேசியிருந்தோமே, இப்போது என்ன மாறிவிட்டது என்றுதான் பியாஸ்ட்ரி ரேடியோவில் கேட்டார். கேட்டுவிட்டு, சொன்னபடி வழியும் விட்டார். மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிக்கொண்டிருப்பவருக்கே தன் அணியின் விதி என்னவென்று நிச்சயமில்லை. செல்லூரில் ஸ்பேர் பார்ட்ஸ் விற்கிறவன் எதை வைத்து விளக்குவது? பெரியவர் அதற்கப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. “எங்க ரோட்டுல ஒரே வீட்டு வண்டி ரெண்டு ஓடும். முன்னாடி போறவனை இழுத்துப் பிடிக்கச் சொன்னா, பரிசு வாங்குறதுக்கு முன்னாடி ஊருக்குப் பதில் சொல்லணும்” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். பூஞ்சிட்டு, கரிச்சான், நடுமாடு, பெரிய மாடு என்று பிரித்து ஓட்டும் எங்கள் ஊர்ப் பந்தயத்தில்கூட, எது செல்லும், எது செல்லாது என்பதை வண்டி கிளம்பும் முன்பே மைக்கில் சொல்லிவிடுவார்கள்.

இதில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நான் நாரிஸ் பக்கம். அந்த உத்தரவால் லாபம் அடைந்தது என் ஆள்தான். அப்படியிருந்தும் எழுதுகிறேன் என்றால் காரணம் இருக்கிறது.

சீசன் முடிந்தபோது நாரிஸ் 423 புள்ளி, வெர்ஸ்டாப்பன் 421, பியாஸ்ட்ரி 410. இரண்டாம் இடத்துக்கு 18, மூன்றாம் இடத்துக்கு 15. மான்ஸாவில் இடம் மாறாமல் இருந்திருந்தால் நாரிஸுக்கு 420. அப்போது பட்டம் யாருக்கு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பந்தயத்தை மட்டும் உருவி எடுத்து இப்படிக் கணக்குப் போடுவது முழு நியாயம் ஆகாது, ஒப்புக்கொள்கிறேன். கடைசிப் பந்தயமான அபுதாபியில் மூன்றாம் இடமே போதும் என்று நாரிஸ் நிதானமாக ஓட்டினார். தேவைப்பட்டிருந்தால் வேறு மாதிரி ஓட்டியிருப்பார். ஆனால் இங்கே டீக்கடையில் இந்தக் கணக்கைப் போடாதவர்கள் இல்லை. என் ஆள் வாங்கிய உலகப் பட்டத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் “அது கொடுத்தது” என்கிறார்கள். விதி முன்கூட்டியே ஊரறிய இருந்திருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஒளித்து வைத்த விதியால் மாட்டிக்கொண்டது ஜெயித்தவரும்தான்.

தடை போடுங்கள் என்று கேட்கவில்லை. அதை ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டீர்கள். 2002இல் ஆஸ்திரியாவில், முடிவுக் கோட்டைத் தொடும் நேரத்தில் ஃபெராரியின் பாரிசெல்லோ வேகத்தைக் குறைத்துத் தன் அணியின் ஷூமாக்கரை முன்னால் விட்டார். மைதானமே கூச்சல் போட்டது. நீங்கள் ஃபெராரிக்கு 10 லட்சம் டாலர் அபராதம் போட்டீர்கள். எதற்கு? வழிவிட்டதற்கு இல்லை, பரிசு மேடையில் இருவரும் இடம் மாறி நின்றதற்கு! பிறகு 2003இலிருந்து அணி உத்தரவுக்குத் தடை. அந்தத் தடை அமலில் இருந்தபோதுதான் 2008இல் சிங்கப்பூரில் ரெனோ அணி பிக்கே ஜூனியரை வேண்டுமென்றே சுவரில் மோத வைத்து, தன் இன்னொரு டிரைவர் ஃபெர்னாண்டோ அலான்சோவை ஜெயிக்க வைத்தது. 2010இல் ஹாக்கன்ஹைமில், அதே அலான்சோ ஃபெராரியில் இருந்தபோது, “ஃபெர்னாண்டோ உன்னைவிட வேகமாக இருக்கிறார், புரிந்ததா?” என்று ஃபெராரிக்காரர்கள் தங்கள் இன்னொரு டிரைவர் மாஸாவிடம் ஜாடையாகச் சொன்னார்கள். அவருக்குப் புரிந்தது, உலகத்துக்கே புரிந்தது, ஒரு லட்சம் டாலரைக் கட்டிவிட்டு வெற்றியை வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். அடுத்த ஆண்டே தடையை எடுத்துவிட்டீர்கள். சரியான முடிவு. ரேடியோ இருக்கும்வரை ஜாடையும் இருக்கும்.

தடை இல்லை என்று ஆனபின் வெளிச்சமாவது வந்திருக்க வேண்டும், வரவில்லை. 2024இல் ஹங்கேரியில் நாரிஸிடம் அணியே கெஞ்சிக் கெஞ்சி, 70 சுற்றில் 68ஆவது சுற்றில்தான் பியாஸ்ட்ரிக்கு இடம் கிடைத்தது. அது அவருடைய முதல் வெற்றி. அதைக்கூட நிம்மதியாகக் கொண்டாட முடியவில்லை. 2025இல் மொனாக்கோவில் இரண்டு முறை டயர் மாற்றியே ஆக வேண்டும் என்று நீங்கள் விதி கொண்டுவந்தீர்கள். ஊர்வலமாகப் போகாமல் பந்தயம் ஆகட்டும் என்ற நல்லெண்ணம். நடந்தது என்ன? ரேசிங் புல்ஸும் வில்லியம்ஸும் ஒரு காரை மெதுவாக ஓட்டிப் பின்னால் இருப்பவர்களை மறித்து, இன்னொரு காருக்கு இடைவெளி உண்டாக்கிக் கொடுத்தன. ஓட்டியவர்களே அதைப் பற்றி அலுத்துக்கொண்டார்கள். நாங்கள் எங்கே போய்ச் சொல்வது?

எழுதி வாங்குவது உங்களுக்குப் புதிய வேலையும் இல்லை. காரில் புதிதாக எதை மாற்றினாலும், இறக்கை ஓரத்தில் ஒரு சின்ன வளைவை மாற்றினாலும்கூட, எங்கே மாற்றினோம், எதற்கு மாற்றினோம் என்று ஒவ்வொரு அணியும் வெள்ளிக்கிழமை எழுதிக் கொடுக்கிறது. நீங்கள் வெளியிடுகிறீர்கள். நான் ஒன்று விடாமல் படிக்கிறேன். காற்று எந்தப் பக்கம் போகும் என்று எழுதி வாங்கத் தெரிகிறது. இடம் எந்தப் பக்கம் போகும் என்று எழுதி வாங்குவதில் என்ன கஷ்டம்? எதிரணிக்குத் தந்திரம் தெரிந்துவிடும் என்பார்கள். நியாயமான கவலைதான். அப்படியானால் உறையில் போட்டு, பந்தய நடுவர்களான ஸ்டூவர்டுகளிடம் கொடுக்கட்டும். உத்தரவு போடும் நொடியில் அந்த வரியைத் திரையில் காட்டுங்கள். “பிட் ஸ்டாப்பில் அணியின் தவறால் இடம் மாறினால், திருப்பிக் கொடுக்கப்படும்.” ஒரே ஒரு வரி. எழுதாத காரணத்துக்காக இடம் மாற்றினால் தண்டனை கொடுங்கள். எங்கள் அணியில் ஒருவர்தான் ராஜா, மற்றவர் அவருக்காக ஓட்டுவார் என்று ஓர் அணி எழுதிக் கொடுத்தாலும் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. தெரிந்து பார்க்கிறோம்.

எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குக் 2025 கத்தார் பந்தயம் ஒன்றே போதும். கடைசிக்கு முந்தின சுற்றில் மெர்சிடஸின் ஆன்டோனெல்லி தடம் விலகிப் போனார், நாரிஸ் நான்காம் இடத்துக்கு வந்தார், இரண்டு புள்ளி கூடியது. பையன் வேண்டுமென்றே விட்டான் என்று ரெட் புல் தரப்பிலேயே முதலில் பேசினார்கள். மறுநாள் அது தவறு என்று அறிக்கை விட்டார்கள். அதற்குள் 19 வயதுப் பையனுக்கு வசவும் கொலை மிரட்டலும் குவிந்துவிட்டன. திட்டியவர்கள் ரசிகர்கள், எங்கள் இனம்தான். அதை நியாயப்படுத்த வரவில்லை, அது கேவலம். ஆனால் எல்லா இட மாற்றத்துக்கும் பின்னால் ஒரு ரகசியப் பேச்சு இருக்கும் என்று வருடக்கணக்காக எங்களைப் பழக்கியது யார்? இயல்பாகச் சறுக்கினவனையும் இப்போது நம்ப முடியவில்லை.

டிரைவர்கள் கெட்ட வார்த்தை பேசினால் எவ்வளவு அபராதம் என்று தொகையோடு எழுதி வைத்தீர்களே, அது ஞாபகம் வருகிறது. முதலில் ஃபார்முலா 1 டிரைவருக்கு 40,000 யூரோ, அப்புறம் நீங்களே குறைத்தீர்கள். 2024இல் சிங்கப்பூரில் பத்திரிகையாளர் முன்னால் ஒரு வார்த்தை சொன்னதற்கு வெர்ஸ்டாப்பனைப் பொதுச்சேவைக்கு அனுப்பினீர்கள். எங்கள் பட்டறையில் அந்தச் சட்டம் அமலுக்கு வந்தால் வெள்ளிக்கிழமைப் பயிற்சி முடிவதற்குள் செல்லூரே கடனில் மூழ்கிவிடும். வாயிலிருந்து தவறி வருவதற்கு இத்தனை அக்கறை காட்டுகிறவர்கள், யோசித்து, கூடிப் பேசி, ரேடியோவில் கொடுக்கும் உத்தரவுக்கும் கொஞ்சம் காட்டக்கூடாதா?

எங்களைப் போன்றவர்களின் குரல் பாரிஸ்வரை எட்டாது என்பது தெரியாமல் இல்லை. கிரேட்டர் நொய்டாவில் புத் சர்க்யூட் கட்டி, 2011 முதல் 2013 வரை மூன்றே பந்தயம். மூன்றையும் வெட்டல் ஜெயித்தார். வரி வழக்கு என்றார்கள், அதோடு சரி. கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் அங்கே சொந்த மண்ணில் ஓட்டியதைப் பார்த்த சந்தோஷம் மட்டும் மிச்சம். டிக்கெட் வாங்கி ஸ்டாண்டில் உட்கார்ந்து கூச்சல் போட எங்களுக்கு ஒரு பந்தயமும் இல்லை, மடல்தான் எழுத முடியும். வரியைப் பற்றிப் பேச வரவில்லை, அதற்கு நீங்களும் பொறுப்பில்லை. மன்னிக்கவும், எங்கோ போய்விட்டேன்.

ஆகவே தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். அணிகள் தங்கள் டிரைவர்களுக்குள் வைத்திருக்கும் விதியை ஒவ்வொரு பந்தயத்துக்கு முன்னாலும் உங்களிடம் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். அந்தத் தாளை, இன்ஜின் தாளையும் இறக்கைத் தாளையும் வெளியிடுவது போலவே வெளியிடுங்கள். வெள்ளிக்கிழமையே முடியாவிட்டால், உத்தரவு போடும்போதாவது திரையில் காட்டுங்கள். மெல்பர்னுக்குள் முடியாது என்றால் ஐரோப்பியப் பந்தயங்கள் தொடங்கும்போதாவது செய்யுங்கள். முடியாது என்றால் ஏன் முடியாது என்பதையாவது எழுதிப் போடுங்கள். பெரியவர் மெல்பர்ன் ரேஸ் பார்க்கப் பட்டறைக்கு வருகிறேன் என்றிருக்கிறார். நம் நேரத்துக்குக் காலை ஒன்பதரை. அவருக்கு நான் பதில் வைத்திருக்க வேண்டும்.

இப்படிக்கு,
செல்லூர்ப் பட்டறையில் கூடும் ரேஸ் ரசிகர்கள் சார்பில்,
ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர்,
மதுரை.