குளம் வெட்டும் முன்

அன்பு மகளுக்கு,

தோட்டத்தில் குளம் வெட்டப் போவதாகச் சொன்னாயே, மண்வெட்டி எடுக்கும் முன் இதைப் படித்துவிடு.

எல்லாரும் ஆழத்தைத்தான் யோசிப்பார்கள். உயிர்கள் அதிகம் புழங்குவதோ கரையோரத்தில், விரல் நனையும் தண்ணீரில். நடுவில் இரண்டடி ஆழம் போதும். ஒரு பக்கமாவது மெல்லச் சரிந்து இறங்கட்டும். செங்குத்தாக வெட்டினால் குளிக்க வந்த குருவிக்கு நிற்க இடமிராது, தவறி விழுந்த அணில் ஏற முடியாமல் செத்துப்போகும்.

மரத்தடி வேண்டாம். சருகு விழுந்து அழுகினால் தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைந்து அடிச்சேறு கறுத்து நாறும். வெட்டியதும் குறுக்கே நேரான பலகை போட்டு ரசமட்டம் வைத்துப் பார். ஓரங்கள் ஓரங்குலம் ஏறியிறங்கினாலும் ஒரு பக்கம் வழியும், மறுபக்கம் தண்ணீர் கசியாமலிருக்க உள்ளே விரிக்கும் ஷீட் பல்லிளிக்கும்.

ஷீட் கணக்கு இதுதான்: நீளத்தோடு ஆழத்தின் இருமடங்கைக் கூட்டு, ஓரத்துக்கு இரண்டடி சேர். அகலத்துக்கும் அப்படியே. பத்தடிக்கு ஆறடிக் குளம், இரண்டடி ஆழம் என்றால் 16க்கு 12 அடி. கல், வேர் எல்லாம் பொறுக்கிவிட்டு இரண்டங்குலம் மணல் பரப்பி, மேலே ஷீட்டைத் தொளதொளவென்று விரி. இழுத்துக் கட்டினால் தண்ணீர்ப் பாரத்தில் கிழியும். நிரம்பிய பிறகே ஓரத்தை வெட்டு.

ஓட்டையே இல்லாமல் தண்ணீர் குறைகிறதா? கரை மண்ணோ புல்லோ ஷீட்டின் விளிம்பைத் தாண்டி உள்ளே தொட்டுக்கொண்டிருக்கும். விளக்குத் திரி எண்ணெய் உறிஞ்சுவதுபோல அது நீரை வெளியே இழுத்துவிடும். ஷீட் விளிம்பை மண்ணுக்கு மேலே நிமிர்த்தி வை, நின்றுவிடும்.

மழைத்தண்ணீர் நிரப்புவதே நல்லது. குழாய்த்தண்ணீரில் பெரும்பாலும் குளோரினும், பாசிக்குத் தீனியாகும் உப்புகளும் இருக்கும். தோட்டத்து எருமண்ணும் அதே வேலையைத்தான் செய்யும். அதனால் செடிகளைக் கழுவிய சரளைக்கல் நிரப்பிய கூடையில் வை. அல்லி, கோரை, வசம்பு நன்றாக வரும். ஆகாயத்தாமரையை மட்டும் கொண்டுவராதே, குளத்தையே மூடிவிடும்.

மீன் விடாதே. தலைப்பிரட்டை, தட்டான் குஞ்சு எதையும் மிச்சம் வைக்காது. கொசு வருமே என்பாய். முதலில் கொஞ்சம் வரத்தான் செய்யும். அவற்றின் புழுவைத் தின்னும் தட்டான் குஞ்சும் நீர்ப்பூச்சிகளும் பின்னாலேயே தானாக வந்துசேரும். அவசரப்பட்டு மருந்து ஊற்றினால் அவையும் செத்துப்போகும். வேறு குளத்திலிருந்து தவளை முட்டை அள்ளி வராதே, நோயும் கூடவே வரும்.

பாசி எடுத்தால் ஒருநாள் கரையிலேயே போட்டு வை. ஒட்டியிருக்கும் பூச்சிகள் தண்ணீருக்குத் திரும்பட்டும்.

சின்னக் குழந்தைகள் வந்துபோகும் வீடென்றால் வேலி போட்ட பிறகே தண்ணீர் நிரப்பு. சாணளவு நீர்கூட ஆபத்து.

அன்புடன்,
அப்பா